ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிய கதை

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாய்மொழி. கற்றவர் ஏட்டில் அறிவு உறங்க, உழுபவர் வயலிலும் உழைப்பவர் பட்டறையிலும் பழைய வழியே நடந்து வந்த காலத்தில் எழுந்த பழமொழி அது. ஆனால், ஏட்டில் எழுதிய சுரைக்காயைக் கொடியில் காய்க்கச் செய்து, சந்தைக்கும் கொண்டு வந்து காட்டிய அறிஞர் சிலர், சென்ற ஒன்றேகால் நூற்றாண்டில் நம் தென்னாட்டில் வாழ்ந்திருக்கின்றனர். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு எவ்வாறு தொழிலாகவும் வாணிகமாகவும் வளர்ந்தது, அதனால் விளைந்த பயன் யாரைச் சேர்ந்தது என்பதனை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலார் கதை அன்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையேயுள்ள பெருவழியில் நிற்பது சித்தூர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமையும் வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் இவ்வூரே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தன. நம்மில் பலர் வாணிகத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ இங்கு வந்து நிலைத்தவர்கள். நாம் நாள்தோறும் காணும் இப்பெருவழியின் இரு கோடிகளிலும் இரு பெருஞ் சோதனைகள் நடந்தேறின. முதலில் கீழ்க்கோடியாகிய சென்னைக்குச் செல்வோம்.

சென்னையில் ஒரு பேராசிரியர்

ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1888-ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். பின்னாளில் கிண்டிக்குப் பெயர்ந்து புகழ் பெற்ற கல்லூரி அதுவேயாகும். மாணாக்கர்க்குப் பாடம் சொல்லித் தேர்வு வைத்து அனுப்புவதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. இந்நாட்டுக் கைத்தொழில்கள் நலிந்து வருவதைக் கண்டு, புதிய அறிவைக் கொண்டு அவற்றுக்கு உயிரூட்ட இயலுமா என ஆராயத் தலைப்பட்டார்.

அலுமினியம் என்னும் உலோகம் அக்காலத்தில் புதுமையானது. 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே மின்சாரத்தால் அதனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அதற்கு முன் அரிய பொருளாக இருந்த அவ்வுலோகம் பின்னர் விலை மலிந்தது. எடை குறைந்தது, களிம்பு ஏறாதது, செம்பு பித்தளைப் பாத்திரங்களைப் போல அடிக்கடி ஈயம் பூச வேண்டாதது. இதனை நம் நாட்டுக் கன்னார் கையில் கொடுத்தால் என்ன என்று சாட்டர்டன் எண்ணினார். 1898-ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் பொருளுதவியோடு, சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறை தொடங்கியது. உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதனை அடித்துத் தட்டி உருவாக்கிய கைகள் நம்மவருடையவை.

பட்டறை வெறும் காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை. பாத்திரங்கள் விற்பனையாயின. இது நட்டமின்றி நடக்கக்கூடிய தொழில் என்பது ஐயமற விளங்கியபின், 1903-ஆம் ஆண்டில் பட்டறை இந்திய அலுமினியக் கம்பெனி என்னும் தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இன்றும் நம் இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் நசுங்கிய அலுமினியக் குவளைக்கு இத்தகைய பிறப்பு வரலாறு உண்டு என்பதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து அவர் கருத்து தோலின்மீது சென்றது. நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிடுவது பழைய முறை. அது பல வாரங்கள் பிடிக்கும். அமெரிக்காவில் 1884-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் ஷுல்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அம்முறையில் வேலை விரைவில் முடியும். தோலும் நீரைத் தாங்கி நிற்கும். இந்த இரண்டாவது பண்பையே சாட்டர்டன் பற்றிக்கொண்டார். சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனம் பெரும்பாலும் கவலை இறைப்பினாலேயே நடந்து வந்தது. எருதுகள் சரிவில் இறங்கியும் ஏறியும் இழுக்க, கயிற்றில் கட்டிய தோற்சால் நீரை முகந்து மேலே வரும். ஓயாது நீரில் ஊறும் சால் விரைவில் இற்றுப்போகும். புதுச்சால் வாங்குவது குடியானவனுக்குப் பெருஞ் செலவு. குரோமியத்தால் பதனிட்ட தோலில் சால் செய்தால் அது நெடுநாள் உழைக்கும் என்று கண்டு, 1903-ஆம் ஆண்டு முதல் அவ்வேலையில் அவர் ஈடுபட்டார். ஷுல்ஸின் வேதியியல் அறிவு வட ஆர்க்காட்டுக் கிணற்றுக்குள் இறங்கிய விந்தை இது! செருப்பும் பிற பொருள்களும் பின்னர் வந்தன.

தடையும் அதன் பயனும்

இவ்வாறு ஒவ்வொன்றாக வெற்றி காணவே, 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு ஒன்று கூடியது. தொழில்களுக்கெனத் தனித்துறை வேண்டும் என்னும் கருத்து மேலோங்கியது. ஆனால் சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் மனம் புழுங்கினர். வரிப்பணத்தைக் கொண்டு அரசாங்கமே வாணிகம் செய்யின் தம் தொழில் என்னாவது என்று முறையிட்டனர். இலண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் ஓர் ஆணை விடுத்தார். புதிய முறைகளை மக்களுக்குக் கற்பிக்கவும் அறிமுகம் செய்யவும் அரசாங்கம் பொருள் செலவிடலாம்; ஆனால் தானே வாணிக முயற்சியில் இறங்கலாகாது என்பது அதன் சாரம். குரோமியத் தோல் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்தார் கைக்குப் போயிற்று. சாட்டர்டன் 1912-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்துத் தொழில், வர்த்தக இயக்குநராகச் சென்றுவிட்டார். இரண்டே ஆண்டில், 1914-இல், சென்னையில் தொழில்துறை மீண்டும் உயிர் பெற்றது. அவ்வாண்டு மூண்ட உலகப் போரினால் கப்பல்கள் வாரா நிலை ஏற்பட்டபோது, இந்நாட்டில் தொழில் இல்லாக் குறையை அரசாங்கமே நன்குணர்ந்தது. 1916-இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணைக்குழுவில் சாட்டர்டனும் ஓர் உறுப்பினராக அமர்ந்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வெற்றி கண்ட பொருள் சந்தையில் வெற்றி காண்பதற்கு முன் இருண்ட பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. புது இயந்திரம் வாங்க வேண்டும், கை பழகாத தொழிலாளியைப் பழக்க வேண்டும், முதலில் செய்த சரக்கு வீணாகும், வாங்குவோர் ஐயுறுவர். அப்பள்ளத்தாக்கைத் தாண்டுகின்ற வரையில் நட்டத்தைத் தாங்கும் தோள் ஒன்று தேவை. பேராசிரியருக்கு அவ்வளவு பொருள் இல்லை. வணிகருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சென்னையில் அதனைத் தாங்கியது பொதுமக்களின் பணம். மார்லியின் ஆணை அகற்ற முயன்றது அத்தோளையே. கல்வி வேறு, வாணிகம் வேறு என்று கோடு கிழிப்பது கேட்பதற்கு இனிது. ஆனால் அக்கோடு ஏழை நாட்டில் அறிவை ஏட்டிலேயே சிறைவைத்துவிடும்.

அதே காலத்தில் கல்கத்தாவில் வேறொரு வழி தோன்றியிருந்தது. மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த பிரபுல்ல சந்திர ராய், அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல், தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டே 1892-இல் மருந்துப் பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1901-ஆம் ஆண்டில் அது வங்காள வேதியியல் மருந்துக் கம்பெனியாகப் பதிவு பெற்றது. அவரது துணிவு போற்றத்தக்கது. ஆனால் எல்லாப் பேராசிரியரும் ராய் ஆதல் இயலுமோ?

பெங்களூரில் மணந்த சந்தனம்

இனிப் பெருவழியின் மேற்கோடிக்கு வருவோம். ஜம்ஷெட்ஜி டாட்டாவின் கனவினாலும் மைசூர் அரசின் கொடையினாலும் 1909-ஆம் ஆண்டில் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. மைசூர்க் காடுகளில் விளைந்த சந்தன மரம் அதுவரை ஏலத்தில் விற்கப்பட்டு, பெரும்பகுதி ஜெர்மனிக்குச் சென்று, அங்கே எண்ணெயாகி உலகெங்கும் விலை போயிற்று. மரம் நமது, மணம் அவர்களது! 1914-இல் போர் மூண்டதும் ஏற்றுமதி நின்றது. மரம் குவிந்து கிடந்தது.

அப்போது கழகத்தின் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் சந்தனக் கட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையைத் தம் ஆய்வுக்கூடத்தில் செய்து கண்டனர். திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. தொழில் இயக்குநராக இருந்தவர் நாம் முன்பு கண்ட சாட்டர்டன். சென்னையில் மறுக்கப்பட்டது மைசூரில் கைகூடிற்று. 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் அரசாங்கமே சந்தன எண்ணெய்த் தொழிற்சாலைகளை நிறுவியது. 1918-இல் சவுக்காரத் தொழிற்சாலையும் எழுந்தது. அதனை உருவாக்கிய எஸ். ஜி. சாஸ்திரி, சவுக்காரத் தொழிலை இங்கிலாந்து சென்று பயின்று வந்த வேதியியலார். மைசூர்ச் சந்தன சவுக்காரம் நூறாண்டைக் கடந்தும் இன்று நம் கடைவீதிகளில் விற்கின்றது.

இங்கே நட்டம் ஏற்பட்டிருந்தால் அது அரசினுடையது. இலாபம் வந்தபோது அதுவும் அரசின் கருவூலத்தையே சேர்ந்தது. விதைத்தவரே அறுத்தனர். எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. எண்ணெய் வடிக்கக் காட்டிய ஊக்கத்தை மரம் வளர்ப்பதில் காட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இயற்கைக் காடுகளில் சந்தன மரம் அருகிப்போயிற்று.

சந்தனத்தை நினைக்கும்போது நம் சேஷாசல மலையில் விளையும் செம்மரம் நெஞ்சை உறுத்துகின்றது. உலகில் வேறெங்கும் இயற்கையாய் விளையாத இம்மரம், இன்றும் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டுக் கட்டையாகவே கடல் கடக்கின்றது. கூலிக்காக அக்காட்டில் நுழைந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர், 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் போலீசார் சுட்டதில் உயிரிழந்தனர். அறிவும் ஒழுங்கும் ஏறாத செல்வம் எவ்வளவு குருதி கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உலகம் கண்ட இரு வழிகள்

வெளிநாடுகளிலும் இவ்வினா எழாமல் இல்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக் கழகத்தில் 1921-22-இல் பாண்டிங், பெஸ்ட், காலிப் முதலானோர் நீரிழிவுக்கு மருந்தாகும் இன்சுலினைக் கண்டனர். 1923-இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக் கழகத்திற்கே அளித்துவிட்டனர். கண்டவர் வறியராக வேண்டும் என்பது அன்று அதன் கருத்து. தீய கைகள் அதனைத் தனியுடைமை ஆக்கிவிடாமல் காக்க வேண்டும் என்பதே. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்துப் பழைய மாணவர்கள் ஓர் அறநிதியம் அமைத்தனர். பேராசிரியர் ஸ்டீன்பாக் கண்ட வைட்டமின் டி முறையின் காப்புரிமையை அது ஏற்று, வந்த வருவாயை மீண்டும் ஆராய்ச்சிக்கே செலவிட்டது.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்கா பேய்-டோல் சட்டம் இயற்றியது. அரசாங்கப் பொருளால் நடந்த ஆராய்ச்சியாயினும், அதன் காப்புரிமையைப் பல்கலைக் கழகமே வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு உரிமம் வழங்கலாம் என்றது அச்சட்டம். அதனைப் பின்பற்றி நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டில் ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் வந்தது. மக்கள் பணத்தில் கண்ட மருந்துக்கு மக்களே மீண்டும் மிகை விலை கொடுப்பதா என்று பலர் வினவினர். அது சட்டமாகாமலே போயிற்று.

பாலாறு சொல்லும் பாடம்

நட்டத்தையும் இலாபத்தையும் கண்டோம். மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அதனை வணிகர் பேரேட்டில் காணல் அரிது. சாட்டர்டன் தொடங்கிய குரோமியப் பதனீட்டைப் பின்னாளில் கல்வியுலகம் நன்கு வளர்த்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பாடமாயிற்று. அதன் அருகிலேயே 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. குண்டூர் மாவட்டத்தில் பிறந்த ஆந்திரப் பெருமகனார் டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராய் இருந்து, ஆய்வாளரைத் தோல் மண்டிக்கும் பதனிடுவோரை ஆய்வுக்கூடத்திற்கும் அழைத்து வந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் உலகச் சந்தையில் பெயர் பெற்றன. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன.

ஆனால் கருநாடகத்தில் தோன்றி, நம் குப்பம் வட்டாரத்தின் வழியே சென்று, தமிழகத்தில் புகும் பாலாறு, தோல் ஆலைகளின் கழிவினால் கெட்டது. கிணற்று நீர் உவர்த்தது; விளைநிலம் பாழாயிற்று. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை அவ்வழக்கில் நிலைநாட்டியது. 2025-ஆம் ஆண்டு ஜனவரியிலும் அந்நீதிமன்றம் அதுபற்றி மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. எந்த வட ஆர்க்காட்டுக் குடியானவனின் கிணற்றை வாழ்விக்க குரோமியத் தோல் வந்ததோ, அவன் பேரனின் கிணற்றையே அது கெடுத்தது என்பது வரலாற்றின் கொடிய நகைப்பாகும். குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்கும் முறைகளைப் பின்னர் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரே கண்டனர். அவை தொழிலோடு உடன் பிறந்திருப்பின் எத்துணை நலமாயிருக்கும்!

நம் வாசலில்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1954-இல் திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக் கழகம் பிறந்தது. 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகமும், 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் தோன்றின. இன்று அறிவின் விளைநிலம் நம் வாசலிலேயே உள்ளது. அதன் விளைச்சலுக்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

ஒன்று மண்ணில் விளைந்தது. திருப்பதியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் நாராயணி, தரணி முதலிய நிலக்கடலை வகைகளைக் கண்டு உழவர்க்கு அளித்தனர். வானம் பார்த்த பூமியாகிய நம் பகுதிக்கு வறட்சியைத் தாங்கும் விதை உயிர் போன்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு விதை மிகுதியாக வேண்டும், பெருக்கமோ குறைவு. உழவன் தன் விளைச்சலிலிருந்தே அடுத்த ஆண்டு விதையை எடுத்துக்கொள்வான். 2001-ஆம் ஆண்டுப் பயிர்வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அவனுக்கு அவ்வுரிமையைத் தருகின்றது. ஆதலின் தனியார் விதைக் கம்பெனிகள் இதனைப் பெரிதும் நாடுவதில்லை. இலாபம் குறைந்த இத்தகைய அறிவைப் பல்கலைக் கழகம் கைவிடின் வேறு யார் கொடுப்பார்? காசாகும் ஆராய்ச்சி ஒன்றே ஆராய்ச்சி என்று எண்ணத் தொடங்கினால் முதலில் இழப்பது நம் உழவனே.

மற்றொன்று வானில் எழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த அக்னிகுல் என்னும் கம்பெனி 2017-இல் தொடங்கப்பட்டது. பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியும் இளைஞர் சிலரும் கூடி முயன்றனர். ஒரே வார்ப்புப் போல முப்பரிமாண அச்சில் உருவாக்கிய இயந்திரத்தைப் பூட்டிய அவர்களது ராக்கெட், 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனையாக எழுந்தது. 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊரே ஸ்ரீஹரிகோட்டா என்பதனை அன்பர்கள் அறிவர். அதற்கு முன் பலமுறை புறப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. அந்நாள்களிலெல்லாம் அம்முயற்சியைத் தாங்கியவை கழகத்தின் நிழலும், பொதுப் பணத்தில் எழுந்த ஏவுதள வசதிகளும், முதலீட்டாளர் பொறுமையுமே. சாட்டர்டனின் பட்டறைக்கு வேண்டியிருந்த அதே தோள் வானூர்திக்கும் வேண்டியிருந்தது!

ஆதலின், இந்நெடிய வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது இதுவே. ஓர் ஆராய்ச்சி தொழிலாகும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். தொடக்கத்து நட்டத்தைத் தாங்கியவர் யார்? பின்வந்த இலாபத்தில் அவர்க்குப் பங்குண்டா? கழிவை யார் தலையில் கொட்டுகின்றனர்? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், பல்கலைக் கழகம் கடை விரிப்பதில் குற்றமில்லை. ஒன்றுக்கேனும் விடை மறைக்கப்படுமாயின், எத்துணைப் பெரிய கண்டுபிடிப்பாயினும் ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை.

நம் சங்கத்தில் வணிகரும் உளர், ஆசிரியரும் உளர், இங்குள்ள கல்லூரிகளில் பயிலும் இளைஞரும் உளர். இம்மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை விழாப் பந்தலில் ஒன்றாய் அமர்கின்றோம், விருந்துண்டு கலைகின்றோம். இனி ஒரு மாலைப் பொழுதையேனும், இளைஞர் தம் ஆராய்ச்சியைத் தாய்மொழியில் எடுத்துரைக்கவும், வணிகர் அதன் வழியையும் வகையையும் வினவவும், முதியோர் அம்மூன்று வினாக்களை நினைவூட்டவும் ஒதுக்குவோமாக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும். அதனை நட்டு, நீரூற்றி, பந்தலிட்டு, பலரும் பகிர்ந்துண்ணும் மனம் நமக்கு இருந்தால்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!